சுட்டி கொடுக்கும் வழக்கம்

தனக்குப் பிடித்த இன்னொருவரின் வலைத்தளத்துக்குத் தன் பக்கத்திலிருந்தே வழி காட்டுவதைத் தமிழ் இணையத்தில் சுட்டி கொடுப்பது என்றும் தொடுப்புக் கொடுப்பது என்றும் சொல்வார்கள். பெரிய நிறுவனங்களைச் சாராமல் தனியாட்களும் சிறு குழுக்களும் நடத்தும் தளங்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்திருப்பதற்கு இந்த வழக்கமே அடிப்படை. விளம்பரத்துக்குப் பணமில்லாத ஒரு தளத்தை முன்பின் தெரியாத வாசகர் வந்தடைய வேண்டுமானால், அதை ஏற்கெனவே படித்த ஒருவர் கைகாட்டியாக வேண்டும். கைகாட்டும் அந்த வேலை எந்தெந்தக் காலத்தில் யார் கையில் இருந்ததோ, அதைப் பொறுத்தே தனித்தளங்களின் ஏற்றமும் இறக்கமும் அமைந்தன.

வலையை வடிவமைத்தபோதே இந்த வழக்கத்துக்கு வழி திறந்துவிட்டது. ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ 1989 மார்ச்சில் தன் திட்டத்தை எழுதிக் கொடுத்தார்; 1990 இறுதியில் முதல் தளம் இயங்கியது. சுட்டிகளால் பின்னப்பட்ட எழுத்து என்ற எண்ணம் அவருக்கும் முந்தியது. அமெரிக்கரான டெட் நெல்சன் 1960களிலிருந்தே அதைப் பற்றி எழுதிவந்தார். நெல்சனின் திட்டத்தில் சுட்டி இரு முனையிலும் தெரியும். எங்கிருந்தெல்லாம் தன்னைச் சுட்டுகிறார்கள் என்பது சுட்டப்பட்ட பக்கத்துக்கும் தெரிந்திருக்கும். பெர்னர்ஸ் லீ அதைக் கைவிட்டார். அவருடைய சுட்டி ஒருவழிப்பட்டது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், எந்த மையப் பதிவேட்டிலும் எழுதிவைக்க வேண்டாம். சுட்டப்பட்ட பக்கம் நாளைக்குக் காணாமல் போனால் 404 என்ற பிழைச்செய்தி வரும், அவ்வளவுதான். இந்தத் தளர்வு இல்லாமல் வலை அத்தனை வேகமாகப் பரவியிருக்காது. தன்னைச் சுட்டியவர் யாரென்று தளம் நடத்துபவருக்குத் தெரியாமல் போனதும், அறுந்த சுட்டிகள் மலைபோல் குவிந்ததும் அதே முடிவின் விளைவுகள்தாம். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குப் பின் கிடைக்கவில்லை.

1993 ஏப்ரல் 30 அன்று செர்ன், இந்தத் தொழில்நுட்பத்தை உரிமத்தொகை ஏதுமின்றி எவரும் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அப்போது வலைக்குப் போட்டியாக இருந்த கோஃபர் என்ற முறையை உருவாக்கிய மினசோட்டா பல்கலைக்கழகம், அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் கட்டணம் வாங்கப் போவதாகச் சொல்லியிருந்தது. சொந்தமாகத் தளம் வைக்க விரும்பியவர்கள் வலையின் பக்கம் வந்ததில் இந்த இரண்டு அறிவிப்புகளுக்கும் பங்கு உண்டு.

1993ஆம் ஆண்டின் நடுவில் உலகம் முழுவதற்கும் சுமார் 130 வலைத்தளங்களே இருந்தன. அவற்றை ஒருவரே உட்கார்ந்து பட்டியலிட்டுவிட முடிந்தது. செர்ன் ஆய்வுக்கூடத்தில் பெர்னர்ஸ் லீ தொடங்கிவைத்த பாடவாரிப் பட்டியலைப் பிறகு பல நாட்டுத் தன்னார்வலர்கள் பிரித்துக்கொண்டு பராமரித்தார்கள். 1994 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ இருவரும் தாங்கள் பார்த்த தளங்களைத் தொகுக்கத் தொடங்கினார்கள். யாஹூவின் பிறப்பு அதுதான். ஆரம்ப ஆண்டுகளில் யாஹூ தேடுபொறி அல்ல. மனிதர்கள் படித்துப் பார்த்து வகைபிரித்த அடைவு. அதே ஜனவரியில் ஜஸ்டின் ஹால் என்ற கல்லூரி மாணவர், தன் வாழ்க்கைக் குறிப்புகளையும் தான் கண்டெடுத்த தளங்களின் சுட்டிகளையும் ஒரே பக்கத்தில் எழுதத் தொடங்கினார். தனிமனிதர் ஒருவரின் ரசனையை நம்பி வாசகர்கள் திரும்பத் திரும்ப வந்த முதல் தளங்களில் அதுவும் ஒன்று.

சொந்தமாகச் சேவைக்கணினி வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு 1994 இறுதியில் ஓர் இடம் கிடைத்தது. டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் இருவரும் கலிஃபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம் பின்னர் ஜியோசிட்டீஸ் என்று பெயர் பெற்றது. அதில் இலவசமாகப் பக்கம் அமைத்துக்கொள்ளலாம். புதிதாக வருபவர் ஒரு பேட்டையைத் தேர்ந்தெடுத்து, அங்கே காலியாக இருக்கும் கதவிலக்கத்தில் குடியேற வேண்டும். கணினிக்காரர்களுக்குச் சிலிக்கன் வேலி, அறிவியல் புனைகதைக்காரர்களுக்கு ஏரியா 51, தத்துவத்துக்கு ஏதென்ஸ், செவ்வியல் இசைக்கு வியன்னா என்று பேட்டைகள் இருந்தன. பக்கத்துக் கதவிலக்கத்தில் யார் இருக்கிறார் என்று போய்ப் பார்க்கலாம். பக்கத்தின் கீழே விருந்தினர் ஏடு இருக்கும். வந்துபோனவர் நாலு வரி எழுதித் தன் பக்கத்தின் சுட்டியையும் வைத்துவிட்டுப் போவார். ஒருவழிச் சுட்டியால் வந்த குறையை மக்கள் இப்படித் தாங்களாகவே ஈடுகட்டினார்கள்.

1995இல் சேஜ் வைல் என்ற ஆரிகன் மாநிலத்து இளைஞர் வலைவளையம் என்ற ஏற்பாட்டுக்கு மென்பொருள் எழுதினார். ஒரே பொருளைப் பற்றிய தளங்கள் ஒரு வளையமாகச் சேரும். ஒவ்வொரு தளத்தின் அடியிலும் முந்தைய தளம், அடுத்த தளம் என்று இரண்டு பொத்தான்கள். அடுத்தது, அடுத்தது என்று அழுத்திக்கொண்டே போனால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடலாம். பெரிய தளம், சிறிய தளம் என்ற வேறுபாடு அதில் இல்லை. யாரைச் சேர்ப்பது என்பதை வளையத்தைப் பார்த்துக்கொள்பவர் முடிவு செய்தார். தனித்தளங்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளக் கண்டுபிடிக்கப்பட்ட முறைகளில் இதைவிட எளியது, நியாயமானது வேறொன்றில்லை.

ஜியோசிட்டீஸ், வலைவளையம் இரண்டையும் வணிகம் விழுங்கியது. 1999 ஜனவரியில் ஜியோசிட்டீஸை ஏறத்தாழ 360 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகள் கொடுத்து வாங்குவதாக யாஹூ அறிவித்தது. அப்போது உலகில் அதிகம் பேர் பார்த்த தளங்களில் ஜியோசிட்டீஸ் மூன்றாவது என்று சொல்லப்பட்டது. அந்த ஆண்டின் நடுவில் வந்த புதிய ஒப்பந்த விதிகள், பக்கங்களில் உள்ள எழுத்தும் படமும் யாஹூவின் பயன்பாட்டுக்கு உரியவை என்று பொருள்படும்படி இருந்தன. குடியிருந்தவர்கள் கொதித்தெழுந்து பக்கங்களைக் காலி செய்யவே நிறுவனம் பின்வாங்கியது. ஆனால் பேட்டை முறை மறைந்தது. பயனர்பெயரே முகவரி ஆனது. கை மாறி வந்த வலைவளையமும் 2000இல் யாஹூவின் கீழ் மாற்றியமைக்கப்பட்டுப் பலத்த எதிர்ப்பைச் சந்தித்தது. 2009 அக்டோபர் 26 அன்று ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது. ஜப்பானியக் கிளை மட்டும் 2019 மார்ச் வரை இருந்தது. மூடுவதற்கு முன்பு இணைய ஆவணக் காப்பாளர் ஜேசன் ஸ்காட்டும் அவருடன் சேர்ந்த தன்னார்வலர்களும் இரவு பகலாகப் பக்கங்களைப் படியெடுத்து, 2010இல் 600 கிகாபைட்டுக்கு மேற்பட்ட தொகுப்பாகப் பொதுவில் வெளியிட்டார்கள். இலட்சக்கணக்கான எளிய மக்கள் முதன்முதலாக எழுதிப் பார்த்த இடம் முற்றாக அழியாமல் தப்பியது அவர்களால்தான். விற்றவரும் வாங்கியவரும் அதைச் செய்யவில்லை.

இதற்கிடையே கைகாட்டும் வேலை மனிதர்களிடமிருந்து நிரலுக்கு மாறியது. 1998இல் தொடங்கிய கூகுள், ஒரு பக்கத்துக்கு வரும் ஒவ்வொரு சுட்டியையும் பரிந்துரை வாக்காக எண்ணியது. சுட்டுபவருக்கு எவ்வளவு மதிப்போ, வாக்குக்கும் அவ்வளவு எடை. லட்சக்கணக்கானோர் கைம்மாறு கருதாமல் கொடுத்துவைத்த சுட்டிகளின் மேல்தான் அந்தத் தேடுபொறி எழுந்தது. தொடக்கத்தில் தனித்தளங்களுக்கு இது நன்மையே செய்தது. ஒரு நோயைப் பற்றியோ பழைய இசைத்தட்டுகளைப் பற்றியோ ஒருவர் ஆழமாக எழுதிய பக்கம் முதல் வரிசையில் வந்து நின்றது. ஆனால் சுட்டிக்கு விலை உண்டு என்று தெரிந்ததும் சுட்டிகளை விற்பவர்கள் முளைத்தார்கள். விருந்தினர் ஏடுகளிலும் பின்னூட்டங்களிலும் எரிதங்கள் கொட்டின. 2005 ஜனவரியில் கூகுளும் யாஹூவும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து ஒரு குறியீட்டைக் கொண்டுவந்தன. அதைச் சேர்த்த சுட்டி வாக்காக எண்ணப்படாது. 2007இல் ஆங்கில விக்கிப்பீடியா தன் வெளிச்சுட்டிகள் அனைத்துக்கும் அதைப் பூட்டியது. மனமுவந்து கொடுத்த சுட்டியும் இப்படிச் சந்தேகத்துக்கு உள்ளானது.

வலைப்பதிவுகள் இந்த வழக்கத்துக்குப் புது வலு கொடுத்தன. 1999 ஆகஸ்டில் வந்த பிளாகர் சேவையால் நிரல் தெரியாதவரும் தினமும் எழுத முடிந்தது. ஒவ்வொரு பதிவின் ஓரத்திலும் அவர் விரும்பிப் படிக்கும் பிற பதிவுகளின் பட்டியல் இருந்தது. 2002இல் மூவபிள் டைப் என்ற மென்பொருள், ஒருவர் இன்னொருவரைச் சுட்டியதும் சுட்டப்பட்டவருக்குத் தானாகத் தகவல் போகும் வசதியைச் சேர்த்தது. நெல்சன் விரும்பிய இருவழிச் சுட்டி அரைகுறையாகவேனும் வந்தது. எரிதக்காரர்கள் அதையும் விட்டுவைக்கவில்லை.

இவற்றைவிட முக்கியமானது ஆர்எஸ்எஸ் என்ற செய்தியோடை. 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் டான் லிப்பியும், சென்னை ஐஐடியில் படித்த ராமநாதன் குகாவும் அதன் முதல் வடிவத்தை உருவாக்கினார்கள். நெட்ஸ்கேப் அதைக் கைவிட்ட பின்னரும் டேவ் வைனர் முதலானோர் வளர்த்தெடுத்தார்கள். தளத்தில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்பதை ஒரு சிறு கோப்பாகத் தளமே வெளியிடும். வாசகர் தான் விரும்பும் தளங்களின் ஓடைகளைத் தன் படிப்பானில் சேர்த்துக்கொள்வார். எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது, எப்போது திறப்பது எல்லாம் வாசகர் கையில். வரிசை காலவரிசை. வந்தவற்றைப் படித்து முடித்தால் பக்கம் காலியாகிவிடும். நிதானமாகவும் தேர்ந்தும் படிப்பதற்கு வலையில் அமைந்த கருவிகளில் இதுவே சிறந்தது. தனித்தளங்களுக்கு நிலையான வாசகரைக் கொண்டுவந்ததும் இதுவே. கவனத்தைச் சிதறவிடாத வாசிப்பும் தனித்தளங்களின் நலனும் வேறு வேறல்ல என்பதற்கு ஆர்எஸ்எஸ் வரலாறே சான்று.

தமிழில் இந்த வழக்கம் வேரூன்ற எழுத்துருச் சிக்கல் தீர வேண்டியிருந்தது. 1990களின் இறுதியில் டிஸ்கி, டாப், டாம் என்று பல குறியாக்கங்கள் நிலவின. நாளிதழ்களும் தத்தமக்கென எழுத்துருக்கள் வைத்திருந்தன. ஒரு தளத்தின் எழுத்தை இன்னொரு தளத்தில் ஒட்டினால் படிக்க முடியாது. பல தளங்களின் ஓடைகளை ஒரே பக்கத்தில் சேர்ப்பது பற்றி நினைத்தே பார்க்க முடியாத நிலை. யூனிகோடு பரவலாகி, இ-கலப்பை போன்ற தட்டச்சுக் கருவிகள் இலவசமாகக் கிடைத்த பிறகு, 2003 முதல் தமிழ் வலைப்பதிவுகள் பெருகின. 2004இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கினார். பதிவு செய்துகொண்ட வலைப்பதிவுகளின் ஓடைகளை அது தொடர்ந்து சேகரித்து, புதிய இடுகைகளின் தலைப்பையும் முதல் சில வரிகளையும் முகப்பில் காட்டியது. கோயம்புத்தூரில் எழுதியதை டொரொண்டோவில் உடனே படித்தார்கள். யாழ்ப்பாணத்து நினைவுக் குறிப்புக்குச் சிங்கப்பூரிலிருந்து மறுமொழி வந்தது. அச்சிதழ்களின் ஆசிரியர் மேசையைத் தாண்டாமல் ஈழத்தவரும் தமிழகத்தவரும் மலேசியத் தமிழரும் ஒரே முற்றத்தில் கூடினார்கள். வாரம் ஒரு பதிவரை நட்சத்திரமாக அறிவித்து முகப்பில் நிறுத்தும் வழக்கமும் இருந்தது. தேன்கூடு உள்ளிட்ட வேறு திரட்டிகளும் வந்தன.

திரட்டியிலும் சிக்கல் எழுந்தது. அண்மையில் மறுமொழி வந்த இடுகைகள் முகப்பில் மேலேறும் என்பதால் தம் இடுகைக்குத் தாமே மறுமொழி எழுதுவோர் பெருகினர். பதிவர்களே அதற்குப் பின்னூட்டக் கயமை என்று பெயர் வைத்தார்கள். வாக்குப்பட்டையும் சூடான இடுகைப் பட்டியலும் வந்தபின் சண்டை இடுகைகளுக்கே கூட்டம் சேர்ந்தது. எண்ணிக்கை காட்டும் எந்த ஏற்பாடும் எழுத்தைத் தன் பக்கம் இழுத்துவிடும் என்பதை உலகளாவிய சமூக வலைத்தளங்கள் நிரூபிக்கும் முன்பே தமிழ்ப் பதிவுலகம் அனுபவித்துவிட்டது. இதற்கு நேரெதிரான முயற்சி வலைச்சரம். வாரம் ஒருவர் அதற்கு ஆசிரியராகப் பொறுப்பேற்று, தான் படித்தவற்றில் நல்ல பதிவுகளைக் காரணம் சொல்லி அறிமுகப்படுத்துவார். வாக்கும் இல்லை, தரவரிசையும் இல்லை. அதிகம் அறியப்படாத பதிவர்கள் பலர் அங்கே வெளிச்சம் பெற்றார்கள். தொழில்நுட்பத்தில் திரட்டிக்கு ஈடாகாத வலைச்சரம், பண்பில் அதைவிட உயர்ந்தது.

2006 செப்டம்பரில் ஃபேஸ்புக் தன் செய்தி ஊட்டத்தை அறிமுகப்படுத்தியது. யார் எழுதியது யாருக்கு முதலில் தெரிய வேண்டும் என்பதை நிறுவனத்தின் நிரல் முடிவு செய்யும் காலம் தொடங்கியது. அதே ஆண்டில் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், பக்கம் முடியாமல் கீழே நீண்டுகொண்டே போகும் முறையை உருவாக்கினார். பிற்காலத்தில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். 2009இல் ஃபேஸ்புக்கில் விருப்பப் பொத்தான் வந்தது. பதிவர்கள் படிப்படியாக அங்கே குடிபெயர்ந்தார்கள், தமிழ்ப் பதிவர்களும்தான். மறுமொழி உடனே கிடைத்தது. ஆனால் எழுதியது மூன்று நாளில் புதைந்தது, தேடினாலும் கிடைக்கவில்லை. 2013 மார்ச்சில் கூகுள் தன் ஓடைப் படிப்பானான ரீடர் சேவையை மூடப்போவதாக அறிவித்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையொப்பமிட்டார்கள். ஜூலை 1 அன்று அது மூடப்பட்டது. ஓடை முறை அழியவில்லை. ஃபீட்லி, நியூஸ்பிளர் போன்றவை எஞ்சின. ஆனால் பெரும்பாலானோர் வேறு படிப்பானைத் தேடிப் போகவில்லை.

இந்த மாற்றத்தை எல்லாரையும்விடத் துல்லியமாகக் கண்டவர் ஈரானின் ஹொசைன் தெரக்‌ஷான். 2001இல் பாரசீக மொழியில் வலைப்பதிவது எப்படி என்று வழிகாட்டி எழுதி ஒரு பெரும் பதிவுலகம் உருவாகக் காரணமானவர். 2008இல் தெஹ்ரானில் கைதாகி, ஆறு ஆண்டு சிறையிலிருந்து 2014 நவம்பரில் வெளியே வந்தார். சிறை செல்லும் முன் அவர் கொடுத்த ஒரு சுட்டி ஒரு தளத்துக்குக் கூட்டத்தைக் கொண்டுவரும். வெளியே வந்து ஃபேஸ்புக்கில் சுட்டி இட்டால் ஏறெடுத்துப் பார்ப்பாரில்லை. 2015 ஜூலையில் எழுதிய கட்டுரையில், வலையின் உயிர் சுட்டியில்தான் இருந்தது, சமூக வலைத்தளங்கள் அதைப் படத்துக்கும் விருப்பக்குறிக்கும் சமமான அலங்காரப் பொருளாக்கிவிட்டன என்று வாதிட்டார். மற்றவர்களுக்கு மெல்ல மெல்ல நேர்ந்ததை அவர் ஒரே நாளில் பார்த்தார். அந்தக் கட்டுரை பல மொழிகளில் பரவியதற்கு அதுவே காரணம்.

பின்னர் நடந்தவை அவர் சொன்னதை மெய்ப்பித்தன. இன்ஸ்டாகிராமில் படக்குறிப்புக்குள் இடும் முகவரியை அழுத்தவே முடியாது. 2022 டிசம்பரில் ட்விட்டர் போட்டித் தளங்களுக்குச் சுட்டி கொடுக்கத் தடை விதித்து, எதிர்ப்பு வந்ததும் விலக்கிக்கொண்டது. செய்தி நிறுவனங்களுக்குப் பணம் தர வேண்டும் என்ற கனடாச் சட்டத்துக்கு மறுவினையாக, 2023 ஆகஸ்ட் முதல் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா அந்நாட்டில் செய்தித் தளங்களின் சுட்டிகளையே நீக்கியது.

தனித்தளங்களுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தே வந்தது. 1998 முதல் தன் பெயரில் தளம் நடத்திவரும் ஜேசன் காட்கி, 2005இல் வேலையை விட்டுவிட்டு வாசகர்களிடம் நேரடியாக உதவி கேட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொடுத்தார்கள். ஓராண்டுக்குப் பின் அதை நிறுத்தியவர், 2016இல் உறுப்பினர் சந்தா முறையைக் கொண்டுவந்தார். 1999இல் தொடங்கிய மெட்டாஃபில்டர் என்ற குழுப்பதிவுத் தளத்துக்குக் கூகுள் வழியே வந்த வாசகர் எண்ணிக்கை 2012 நவம்பரில் சட்டென்று சரிந்தது. விளம்பர வருவாய் வறண்டு 2014இல் ஊழியர் சிலரை அனுப்ப வேண்டியதாயிற்று. தளத்தைக் காப்பாற்றியது உறுப்பினர்கள் மாதந்தோறும் அனுப்பத் தொடங்கிய சிறு தொகைகள்.

வாசகரின் கவனத்தைப் பற்றிய பேச்சும் இதே காலத்தில் எழுந்தது. 2013இல் கூகுள் ஊழியராக இருந்த டிரிஸ்டன் ஹாரிஸ், கவனச்சிதறலைக் குறைக்கும் வகையில் கருவிகளை வடிவமைக்க வேண்டும் என்று சக ஊழியர்களிடம் ஒரு கோரிக்கையைச் சுற்றுக்கு விட்டார். 2018இல் அவரும் ராஸ்கினும் சேர்ந்து இதற்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் ஆப்பிளும் கூகுளும் திரை நேரத்தைக் கணக்கிடும் வசதியைக் கைபேசிகளில் சேர்த்தன. அந்தக் கணக்குக்கு எல்லா நிமிடங்களும் ஒன்றே. ஒரு தளத்தில் நீண்ட கட்டுரையைப் படித்த அரைமணியும், முடிவில்லாத ஊட்டத்தைத் தள்ளிக்கொண்டிருந்த அரைமணியும் உலாவியின் பெயரிலோ செயலியின் பெயரிலோ வெறும் எண்ணாகத்தான் பதிவாகும். நேரத்தைக் குறைப்பதோடு பேச்சு நின்றுவிட்டது. யார் தேர்ந்தெடுத்ததைப் படிக்கிறோம் என்பதை அந்த வசதிகள் தொடவில்லை.

தேர்வை மீட்கும் வேலையைச் செய்தவர்கள் வேறு சிலர். 2011இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் டன்டெக் செலிக், ஆரன் பரெக்கி முதலானோர் கூட்டிய முகாமிலிருந்து ‘இண்டிவெப்’ இயக்கம் பிறந்தது. முதலில் சொந்தத் தளத்தில் வெளியிடு, பிறகு மற்ற இடங்களில் பகிர் என்பது அதன் நடைமுறை. ஒரு தளம் இன்னொன்றைச் சுட்டியதை அறிவிக்கும் நெறிமுறை ஒன்றை அவர்கள் செப்பனிட, வலைத் தர அமைப்பான டபிள்யூ3சி 2017இல் அதை ஏற்றது. 2013இல் கைல் டிரேக் தொடங்கிய நியோசிட்டீஸ், ஜியோசிட்டீஸ் பாணியில் விளம்பரமின்றி இலவச இடம் தருகிறது. வலைவளையங்கள் மீண்டும் கட்டப்படுகின்றன. தமிழில் 2013 வாக்கில் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் திட்டத்தின் தன்னார்வலர்கள், பதிவர்களிடம் பகிர்வுரிமை பெற்று வலைப்பதிவுகளை மின்னூலாக்கினார்கள். கைவிடப்பட்ட பதிவுகளிலிருந்து பல எழுத்துகள் அதனால் பிழைத்தன.

அண்மைக்கால நெருக்கடி தேடுபொறிகள் தரும் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம். அமெரிக்கப் பயனர்களின் 2025 மார்ச் மாதத் தேடல்களைப் பியூ மையம் ஆராய்ந்தது. சுருக்கம் இல்லாத பக்கங்களில் 15 விழுக்காடு முறை ஏதேனும் ஒரு தேடல் முடிவை அழுத்தியவர்கள், சுருக்கம் வந்த பக்கங்களில் 8 விழுக்காடு முறையே அழுத்தினார்கள். சுருக்கத்துக்குள் இருந்த சுட்டியை அழுத்தியது 1 விழுக்காடு மட்டுமே. தேடுபொறியை நம்பியிருந்த தளங்களுக்கு இது அடிமடியில் கைவைப்பது. அதனால் கையால் தொகுக்கும் பட்டியல்களுக்கு மறுபடி தேவை வந்துள்ளது. காகி என்ற கட்டணத் தேடுபொறி 2023இல் தனியாட்களின் வலைப்பதிவுகளுக்கெனத் தனிப் பிரிவு திறந்தது. அதற்கு முந்தைய நவம்பரில், பிரிட்டனின் ஃபில் கைஃபோர்டு ‘ஊ டைரக்டரி’ என்ற வலைப்பதிவு அடைவைத் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் ஒரு பதிவைப் பரிந்துரைக்கலாம். அதைத் திறந்து பார்த்து, பொருள்வாரியாக வகைபிரித்து, கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்ற விவரத்தோடு அவர் அடைவில் சேர்க்கிறார்.